சிலோனுக்கு எழுதிய அண்ணன்

ஞாயிறு, கோத்தகிரி

இன்று இரவு மேட்டுப்பாளையத்தில் ரயில், நாளை சென்னையில் விமானம், நாளை ராத்திரி கொழும்பு. அம்மா, சின்ன மாமா, நான் மூன்று பேரும் போகிறோம். அம்மாவுடைய மூத்த அண்ணனைத் தேடி. தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த பணத்தில் அம்மா முதல் காரியமாகப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டார்.

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே பல வீடுகளில் இதே கதைதான். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கை சுதந்திரம் அடைந்த 1948 ஆம் வருடமே அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தது. தலைமுறைகளாகத் தேயிலை மலைகளில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோர் அதனால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று முடிவானது. 1974 இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்தக் குடும்பத்தில் யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று அந்த எண்களைப் போட்டவர்களுக்குத் தெரியாது.

தாத்தா இந்தியாவுக்கு எழுதினார், அதாவது இந்தியக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டார். பெரியமாமா பதினெட்டு வயதைத் தாண்டிவிட்டதால் தனியாக மனுப் போட வேண்டியிருந்தது. அவர் சிலோனுக்கு எழுதினார். பிறந்த தோட்டத்தை விட்டு எங்கே போவது என்று நினைத்திருக்கிறார். 1974 இல் தாத்தாவுக்குக் கப்பலேறச் சொல்லி உத்தரவு வந்தது. தோட்டங்களில் மாவும் அரிசியும் கிடைக்காமல் மனிதர்கள் பட்டினியில் செத்த காலம் அது. தாத்தாவும் அம்மாயியும் அம்மாவையும் சின்ன மாமாவையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். அம்மாவுக்கு அப்போது 11 வயது. சின்ன மாமாவுக்கு 6. பெரியமாமாவுக்கு 23.

கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமிலிருந்து தொழில் கடன் கொடுத்துத் திருச்சிப் பக்கம் அனுப்பினார்கள். கொழுந்து பறிப்பதும், தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்தும் தவிர வேறெதுவும் தெரியாதவர்கள் அந்த வெயிலில் என்ன தொழில் செய்வார்கள்? 1977 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். அதே வருடத்தோடு பெரியமாமாவின் கடிதங்களும் நின்றுபோயின. திருச்சி முகவரிக்கு வந்த கடைசிக் கடிதத்தில் நோர்வூட் தபால் முத்திரை இருக்கிறது. எங்களிடம் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு போர். ஊர்க்காரர்கள் மூலமாகச் சின்ன மாமா விசாரித்துக்கொண்டே இருந்தார், பதில் வரவில்லை.

செவ்வாய், ஹட்டன்

கொழும்பு கோட்டை நிலையத்தில் காலை ரயில் ஏறினோம். அம்மா இன்னும் "கோச்சி" என்றுதான் சொல்கிறார். கோத்தகிரியில் அந்தச் சொல்லை அடக்கியே வைத்திருந்தவர், இங்கே ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சரளமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

பொல்காவலை வந்தபோது எழுந்து வாசலுக்குப் போனார். இதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றை அங்கே நின்றுதான் சொன்னார். 1974 இல் ஹட்டனில் ஏறிய அவர்களுடன் பெரியமாமாவும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். தலைமன்னார் போகும் வடக்குப் பாதைக்கு இங்கே மாற வேண்டும். அவர் கையில் இருந்த காசுக்கு இதுவரைதான் வர முடிந்தது. அம்மாயியின் தலையில் இருந்த மூட்டையை வாங்கி அடுத்த வண்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு, "மண்டபம் போனதும் கடிதம் போடுங்க" என்றாராம். ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்வதுபோல, அவ்வளவுதான். இரண்டு மூன்று வருடத்தில் தானும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் சில மணி நேரம்தான். போர் வந்து அந்தக் கப்பலும் நிற்கும் என்று யார் கண்டார்கள்?

கடுகண்ணாவை ஏற்றம், கம்பளை, நாவலப்பிட்டி, வட்டவளை எல்லாம் அழகுதான். சின்ன மாமா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

புதன், நோர்வூட் பக்கம்

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எங்களுக்கு உதவியவர்கள் அங்கே வேலையில் இருப்பவர்கள்.

தோட்ட ஆபீசில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் தொழிலாளர்களின் பெயரும் சம்பளமும் எழுதும் செக்ரோல் புத்தகங்கள் அவ்வளவு பழையவை அங்கே இல்லை. 70களில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது, 1992 இல் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தது. கைமாறிய ஒவ்வொரு முறையும் காகிதங்கள் எங்கெங்கோ போயிருக்கின்றன. "லயத்துப் பக்கம் போய் வயசானவங்கள கேளுங்க, அதுதான் வழி" என்றார் அவரே.

கீழே இறங்கினால் வெள்ளைக்காரன் காலத்து லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. சற்றுத் தள்ளி ஏழு பேர்ச் (இங்கே நில அளவு) நிலத்தில் புதிதாகத் தனி வீடுகள் வந்திருக்கின்றன. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா எங்கே, கொழுந்து நிறுக்கும் மடுவம் எங்கே என்று அம்மா யாரையும் கேட்காமல் நடந்தார். வீடு வீடாகப் பெரியமாமாவின் பெயரைச் சொல்லிக் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. தாத்தாவின் பெயரும் அப்படித்தான். பாஸ்போர்ட்டிலும் குடும்ப அட்டையிலும் இருக்கிற பெயரை வைத்துக்கொண்டு கேட்டால் தோட்டத்தில் யாருக்கும் எதுவும் விளங்காது. சின்ன மாமாவுக்குத்தான் அது உறைத்தது. "கவ்வாத்துக் கங்காணி வீடுன்னு சொல்லிப் பாருங்க" என்றார்.

உடனே ஒரு வீட்டில் கதவு திறந்தது. எண்பதைத் தாண்டிய அம்மா ஒருவர், கண் பார்வை மங்கிவிட்டது.

"கவ்வாத்துக் கங்காணியா? இந்தியாவுக்குப் போனாரே அவரா? அவரு மூத்த மகன்தானே காமன் கூத்துல ரதி கட்டுவான்?"

அம்மா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். மாசி மாதம் தோட்டத்தில் ரதி, மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்து நடக்கும். ரதி வேஷமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். பெரியமாமா தொடர்ந்து பல வருடம் ரதி கட்டியிருக்கிறார். அவர் ஒப்பாரி பாடினால் லயத்துப் பெண்கள் எல்லாம் அழுவார்களாம். எங்கள் வீட்டில் இதை ஒருவரும் சொன்னதில்லை. அம்மாவுக்கே அந்த அம்மா சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிளேன்டீ வந்தது, தேங்காய் ரொட்டி வந்தது. அப்புறம் 1977 வந்தது. ஜூலையில் தேர்தல், ஆகஸ்டில் கலவரம். தோட்டத்துக்குள் ஆட்கள் வந்து லயங்களைக் கொளுத்தியிருக்கிறார்கள். "ராத்திரி பூரா தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தோம். புள்ள அழுதா வாயப் பொத்திக்கிட்டு." விடிந்ததும் வவுனியாவுக்குப் போகிற லொறி ஒன்று கிடைத்திருக்கிறது. இவருடைய தம்பி குடும்பத்தோடு அதில் ஏறினார். கூடவே ரதி கட்டுகிற பையனும். "அப்பன் ஆத்தா இங்க இல்ல, நான் யாருக்காக இங்க இருக்கணும்னு ஏறிட்டான்."

அப்படியானால் 1977 க்குப் பிறகு நாங்கள் போட்ட கடிதங்கள் எல்லாம் அவர் இல்லாத லயத்துக்கு வந்திருக்கின்றன. அவர் போட்டிருந்தால் அவையும் நாங்கள் இல்லாத திருச்சிக்குப் போயிருக்கும். நானும் சின்ன மாமாவும் திரும்பி வரும்போது இதையேதான் பேசிக்கொண்டு வந்தோம். அம்மா பேசவில்லை. தம்பி மகனின் வவுனியா டெலிபோன் நம்பரைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார், என் போனில் பதிந்துவிட்டேன் என்று சொல்லியும்.

வியாழன், வவுனியா

நாள் முழுக்க பஸ். கண்டியில்தான் ஏ9 சாலை தொடங்குகிறது. மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி வழியாக வந்தோம். மலையிலிருந்து இறங்க இறங்க வெக்கை. 1977 இல் லொறியின் பின்பக்கத்தில் நின்றபடி இதே வழியில்தான் வந்திருப்பார்கள். மலையைத் தவிர வேறு மண்ணைப் பார்த்திராத ஆட்கள்.

வெள்ளி, வவுனியா

தம்பி மகன் எங்களைத் தன் வீட்டிலேயே தங்கச் சொன்னார். முன்பின் பார்த்ததில்லை. அவருடைய அப்பா உயிரோடு இல்லை, ஆனால் அப்பா சொன்ன கதைகள் அவ்வளவும் அவரிடம் இருக்கின்றன.

மலையகத்திலிருந்து வந்தவர்களுக்குக் காந்தீயம் இயக்கத்தார் காட்டோரம் நிலம் காட்டிக் குடியமர்த்தியிருக்கிறார்கள். காடு வெட்டி, கிணறு தோண்டி, உழுந்தும் மிளகாயும் போட்டிருக்கிறார்கள். மலேரியாவில் செத்தவர்களும் உண்டு. 1983 க்குப் பிறகு அங்கேயும் இருக்க முடியவில்லை. இவர்கள் வவுனியா நகருக்குள் ஒதுங்கினார்கள். பெரியமாமா கல்யாணம் செய்துகொண்டு கிளிநொச்சிப் பக்கம் போனார். இங்கே அவரை எல்லோரும் ரதியண்ணன் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். கூத்துக் கட்டுவது மலையோடு நின்றுபோனது, பெயர் மட்டும் கூட வந்திருக்கிறது.

"பிறகு நீங்க அவரைப் பார்க்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன். 2009 இல. மெனிக் பாமில."

செட்டிகுளத்தில் இருந்த அந்த முகாமில் போரின் கடைசியில் தப்பி வந்தவர்கள் லட்சக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள். உறவுக்காரர்களைத் தேடிப் போன இவர், கம்பிக்கு அப்பால் தண்ணீர் வரிசையில் ரதியண்ணனைப் பார்த்திருக்கிறார். பேச முடியவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினாராம்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். மெலிந்திருந்தாரா? கூட யார் இருந்தார்கள்? எந்தக் கையைத் தூக்கினார்?

2009 மே மாதத்துக்குப் பிறகு உயிரோடு இருந்திருக்கிறார். இன்று எங்களுக்குக் கிடைத்தது இது. நாளை கிளிநொச்சி.

சனி, கிளிநொச்சி

நகரத்தைச் சுற்றி மலையகத்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய கிராமங்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் கிராம அலுவலரைப் பார்த்தோம். இங்கே விதானையார் என்கிறார்கள். அவரிடம் வாக்காளர் இடாப்பும் குடும்பப் பதிவும் இருக்கும் என்று தம்பி மகன்தான் வழி சொல்லி அனுப்பியிருந்தார். கடிதத்தையும் குடும்ப அட்டை நகலையும் காட்டினோம். இந்தத் தடவை ரதியண்ணன் என்றும் சொன்னோம்.

அவர் முகம் மாறியது தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. "இருங்கோ. நான் முதலில அவையிட்டக் கேக்கிறன். அவைக்கு விருப்பம் எண்டால்தான் இடத்தைச் சொல்லுவன்" என்றார். சின்ன மாமாவுக்குக் கோபம் வந்தது. நான் விதானையார் பக்கம்தான். இந்த ஊரில் விசாரித்துக்கொண்டு வந்த அந்நியர்களால் எத்தனை வீடுகள் பாழாயிருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். ஐம்பது வருடம் கழித்து வாசலில் வந்து நிற்க எங்களுக்கு இருக்கும் உரிமை, வேண்டாம் என்று சொல்லப் பெரியமாமாவுக்கும் இருக்கிறது.

விதானையார் வெளியே போய்ப் போனில் பேசினார். திரும்பி வந்து அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "உங்கட தாயார் மூட்டையை எந்த ஸ்டேசனில மாத்தினவ எண்டு கேக்கச் சொல்றார்."

"பொல்காவலை" என்றார் அம்மா.

அரை மணி நேரத்தில் ஒரு சைக்கிள் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறங்க முடியாமல் இறங்கினார். மெலிந்த உடம்பு, நரைத்த தாடி, ஒரு காது கேட்பதில்லை. தாத்தா எழுந்து வந்துவிட்டாரோ என்று நினைத்தேன், அந்த நெற்றி அப்படியே. அம்மா "அண்ணே" என்று கூப்பிட்டார், அவருக்குக் கேட்கவில்லை. சின்ன மாமாதான் போய்க் கையைப் பிடித்தார். அவர் சின்ன மாமாவின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பிக்கும் நரைச்சிருச்சு" என்றார்.

அழுகையெல்லாம் இருந்தது. அதை எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வியை எழுதுகிறேன்.

"அப்பாவுக்கு யார் கொள்ளி வச்சது?"

சின்ன மாமா, "நான்தான் வச்சேன்" என்றார். "அம்மாவுக்கு?" "அம்மாவுக்கும் நான்தான்." பெரியமாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மூத்த மகன் அவர். தாத்தா 1989 இல் போனார், அம்மாயி 2004 இல். அம்மாயி போன வருடம் போர்நிறுத்தம் இருந்தது, ஏ9 பாதை திறந்திருந்தது, வர முடிந்திருக்கும். தகவல் சொல்லத்தான் எங்களிடம் முகவரி இல்லை, அவரிடமும் இல்லை. திதி என்ன என்று கேட்டார். சின்ன மாமா இரண்டையும் சொன்னார். பெரியமாமா தன் பேத்தியின் பள்ளிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டார்.

அவர் எங்களைத் தேடியிருக்கிறார். வவுனியாவிலிருந்து திருச்சி முகவரிக்குக் கடிதங்கள் போட்டிருக்கிறார். ஒன்று திரும்பி வந்ததாம். "இந்தியாவுக்குப் போனவங்க நல்லா இருப்பாங்க, நம்மள மறந்துட்டாங்கன்னு நெனச்சேன் புள்ள" என்றார் அம்மாவிடம். அம்மா தன் கைகளை விரித்துக் காட்டினார். கோத்தகிரித் தோட்டத்தில் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்கள். "நல்லா இருந்த கையா அண்ணே இது?"

ஞாயிறு, கிளிநொச்சி

நேற்றிரவு பெரியமாமா வீட்டில் தங்கினோம். மகள் பக்கத்து வீட்டில் இருக்கிறார், இரண்டு பேத்திகள். மகன் ஒருவர் இருந்தார். 2009 இல் முள்ளிவாய்க்கால் பக்கம் கூட்டத்தில் பிரிந்தவர். அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. வயது அப்போது 19.

சுவரில் அவர் படம் இருக்கிறது. மாலை போடவில்லை.

அத்தை அதிகம் பேசமாட்டார். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். இவரும் அதில் போய் உட்கார்ந்தவர். அரசு அமைத்த காணாமல் போனோர் அலுவலகத்துக்கும் விவரம் கொடுத்திருக்கிறார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் புகைப்படம், கொடுத்த மனுக்களின் நகல்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருக்கிறார். வீடு ஒழுகினால் முதலில் அதைத்தான் எடுப்பாராம்.

இன்று விடிகாலை அடுப்பங்கரையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். என்னிடம் கேட்டார்.

"ஐம்பது வருஷம் கழிச்சு இவரைக் கண்டுபிடிச்சீங்களே மருமகளே. எப்படித் தேடினீங்க? முதல்ல எங்க போனீங்க, யாரைக் கேட்டீங்க? ஒண்ணொண்ணா சொல்லும்மா."

சொன்னேன். ஆபீசில் கிடைக்காதது, பட்டப்பெயரைச் சொன்னதும் கதவு திறந்தது, தண்ணீர் வரிசையில் பார்த்தவர், விதானையார் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பாரமாக இருந்தது. பெரியமாமா ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போனவர், போன வழியெல்லாம் அவரைத் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். அத்தையின் மகன் காணாமல் போன இடத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. அது அத்தைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் கேட்டார், நானும் எதையும் விடாமல் சொன்னேன்.

கடைசியில், "இந்தியாவில முகாம்கள்ல நம்ம பிள்ளைகள் இருக்காங்களாமே?" என்றார். இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான முகாம்கள் நூற்றுக்கு மேல், இப்போது மறுவாழ்வு முகாம் என்கிறார்கள். அவர் மகன் அங்கே இருக்க வாய்ப்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னேன். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், நகரத்துக்குப் போய் நகல் எடுத்துக்கொண்டு வந்தேன். படத்தையோ பெயரையோ இங்கே போடமாட்டேன், அத்தை அதற்குச் சம்மதிக்கவில்லை.

பெரியமாமாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். ஆடி அமாவாசைக்கு இராமேஸ்வரம் வந்து அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்க நினைக்கிறார். பிறப்புப் பதிவு கைவசம் இல்லை. பழைய பதிவு கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம், விதானையார் கூடவே வருவதாகச் சொல்லியிருக்கிறார். சின்ன மாமா அதற்காக இங்கேயே தங்குகிறார். அம்மாவும் நானும் நாளை கொழும்புக்குப் புறப்படுகிறோம். ஊருக்குப் போனதும் முதலில் மண்டபம் முகாம், அப்புறம் திருச்சி கொட்டப்பட்டு. மற்ற முகாம்களின் பட்டியலை அம்மா இப்போதே என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.